மாப்பிள்ளை வள்ளத்தில் ஒரு பியூஸ்

1

எங்களுக்குக் கலியாணம் முடித்து இன்றைக்கு இருபது வருசம். மகள் ரிஸ்வானா சொல்லித்தான் எனக்கே நினைவு வந்தது. ஊரில், திருகோணமலைப் பக்கம் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கப் போகிறீர்கள். கலியாணம் முடித்த நாளை வருசா வருசம் எண்ணி, அதற்கென்று ஒரு வாழ்த்து அட்டை வாங்குகிற பழக்கம் நம்மிடம் எங்கே இருந்தது? இங்கிலாந்தின் தென்கரைக்கு வந்த பிறகு, பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்துவந்து எங்களுக்கும் பழக்கிவிட்டாள். பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று காலையிலேயே புரியாணியை அடுப்பில் ஏற்றினேன்.

என் வீட்டுக்காரர் படகு திருத்துகிற பட்டறையில் எலக்ட்ரீசியன். இன்றைக்கு லீவு. "ஒரு மணித்தியாலத்தில வாறன்" என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டவர். அவருடைய ஒரு மணித்தியாலம் எனக்குத் தெரியாததா? மத்தியானம் லுஹர் தொழுது, புரியாணி ஆறி, திரும்பவும் சூடாக்கி, அதுவும் ஆறின பிறகு, சோற்றைச் சாப்பாட்டுக் கரியரில் போட்டுக்கொண்டு நானே துறைக்கு நடந்தேன்.

அங்கே கெவின் என்ற பெடியனுடைய சின்னப் பாய்ப்படகு கட்டிக் கிடந்தது. கெவினும் ரிஸ்வானாவும் ஒரே கல்லூரி. நாளைக்குக் காலையில் கெவின், அவனுடைய அக்கா, ரிஸ்வானா மூன்று பேரும் அடுத்த துறைமுகம் வரைக்கும் பாய் விரித்துப் போகிறார்களாம். என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். என்னை யார் கேட்டது? மகள் தன் வாப்பாவைத்தான் கேட்டாள். அவர், "படகில பற்றரி வயர் எப்படி இருக்கு எண்டு பார்த்துட்டுச் சொல்றன்" என்றார். பார்த்தார். அன்றிலிருந்து அந்தப் படகின் வயிற்றுக்குள்ளேதான் குடியிருக்கிறார்.

வேலை என்னவென்றால், இரண்டு சார்ஜ் பொயின்ற். ஒன்று பெரிய கைவிளக்கின் பற்றரிக்கு, மற்றது கடலில் இருந்து உதவி கூப்பிடக் கையில் கொண்டுதிரிகிற ரேடியோப் பெட்டிக்கு. அவ்வளவுதான்.

2

நான் போனபோது கெவின் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். எனக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, இது பன்னிரண்டு வோல்ட்தானே, தொட்டாலும் ஒன்றும் செய்யாதே, எதற்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பியூஸ் என்று கேட்டான். ஆங்கிலத்தில்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

பலகைக்குக் கீழே இருந்து இவருடைய குரல் வந்தது.

"கடிக்காது தம்பி. எரிக்கும்."

இவருடைய ஆங்கிலம் இன்னும் திருகோணமலை ஆங்கிலம்தான். இங்கே வந்த புதிதில், ஊரில் படித்த படிப்பு இங்கே செல்லாது, திரும்பச் சோதனை எழுது என்று சொல்லிவிட்டார்கள். இந்த அலுவலகம் அந்த அலுவலகத்துக்கு அனுப்பும், அந்த அலுவலகம் வேறொன்றுக்கு அனுப்பும், கடைசியில் முதல் அலுவலகத்திலேயே கொண்டுவந்து விடும். எழுத்துச் சோதனை முடித்து, வாய்ச் சோதனைக்குப் போனால், பியூஸ் எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். இவருக்குப் பதட்டத்தில் நமது தமிழ் அப்படியே ஆங்கிலமாகிவிட்டது. பியூஸை 'அவன்' என்றும், அது எரிந்துபோகிறதை மௌத்து, சாவு என்றும் சொல்லியிருக்கிறார். "அவன் முதல்ல மௌத்தாவான் சேர், அதால மற்ற ஆக்கள் தப்புவாங்க." சோதிக்க வந்தவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாராம். சோதனையில் சித்தியடைந்துவிட்டார்.

கெவினிடமும் அதே பாடம்தான். பியூஸ் இருக்கிறது விளக்கைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. மெல்லிய வயருக்குச் சின்ன பியூஸ், தடித்த மொத்த வயருக்குப் பெரிய பியூஸ். அதைப் பற்றரிக்குப் பக்கத்திலேயே வைக்கவேணும், ஏனென்றால் பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையில் கிடக்கிற வயரைக் காப்பாற்ற ஒருத்தரும் இல்லை. உப்புத் தண்ணீர் படாத இடத்தில் வைக்கவேணும். பலகையில் உரசாமல் வயரைப் பிடித்துக் கட்டவேணும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

ரிஸ்வானா என் பக்கத்தில் வந்து குந்தினாள். எங்களோடு ஆங்கிலத்தில்தான் கதைக்கிறாள். நாங்கள் ஏசினால் மட்டும் தமிழ் முழுக்க விளங்கும். இந்த மனுசனுக்கு மட்டும் ஏன் இப்படி, மற்ற ஆட்களுடைய வாப்பாமார் இப்படியா என்று முணுமுணுத்தாள். பெடியனுக்கு முன்னால் அவளுக்கு வெட்கம்.

"உன்ட வாப்பாவுக்கு ஏன் இப்படி எண்டு கேக்கிறியா? ஒரு பியூஸால என்ட கலியாணமே நிண்டு போகப் பாத்தது. தெரியுமா உனக்கு?" என்றேன்.

அவளுக்குத் தெரியாது. இத்தனை வருசத்தில் நாங்கள் சொன்னதே இல்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கரியரைத் திறந்து அவளுக்கும் கெவினுக்கும் சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, கதையைத் தொடங்கினேன்.

3

என்னுடைய வீடு கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில். இவருடைய வீடு திருகோணமலை டவுனில். நம்முடைய பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது, அதனால் அவளுக்குச் சொன்னேன். பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்கிறது. ஆகவே மாப்பிள்ளை வந்து இறங்குகிற அழகுதான் கலியாணத்தின் பாதி. அதைப் பார்க்க ஊரே நிற்கும்.

சீனன்குடாப் பக்கமாய் றோட்டால் வந்து, தோணியில் ஏறிக் கடந்தால் வேலை முடிந்தது. இவருடைய சாச்சாவுக்கு, வாப்பாவின் தம்பிக்கு, அது காணாது. வாப்பா இல்லாத பிள்ளை என்று சாச்சாதான் முன்நின்று எல்லாம் செய்தவர். நல்ல மனுசன், ஆனால் எல்லாம் எடுப்பாக இருக்கவேணும். "டவுன்ல இருந்து கடலால கொண்டு போறம். பாட்டுச் சத்தம் கேட்டு கிண்ணியா முழுக்க கரைக்கு வரணும்" என்று சொல்லிவிட்டார்.

வள்ளம் சேகு என்ற கூட்டாளியுடையது. சேகு மீன்பிடிகாரர். இரவில் தொழிலுக்குப் போகக் கைவிளக்கு ஒன்று வைத்திருந்தார். அதன் சின்னப் பற்றரியைச் சார்ஜ் ஏற்ற ஒவ்வொரு முறையும் டவுன் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு அலைவார். கலியாணத்துக்குக் கொஞ்சம் முந்தி இவர்தான் அதற்கு ஒரு வழி செய்துகொடுத்தார். வள்ளத்தின் பலகைக்குக் கீழே ஒரு லொறிப் பற்றரி. அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று. பற்றரியின் தலைமாட்டிலேயே ஒரு சின்ன பியூஸ். வயரின் நுனியில் ஒரு சார்ஜ் பொயின்ற், இடையில் ஒரு பல்ப்பு, சின்னப் பற்றரிக்குள் கரண்ட் ஒரேயடியாய்ப் பாயாமல் இருக்க. லொறிப் பற்றரியை எப்போதாவது கராஜில் ஏற்றினால் போதும். கைவிளக்கைக் கடலிலேயே ஏற்றலாம். சேகுவுக்கு அப்படி ஒரு சந்தோசம்.

கலியாணத்துக்கென்று லவுட்ஸ்பீக்கருக்கு வேறாக ஒரு மொத்த வயர் இழுத்து, அதற்குப் பெரிய பியூஸும் போட்டு, லவுட்ஸ்பீக்கர்கார காசிமைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். "இது உனக்கு. அது சேகுட விளக்குக்கு. மாறிக் கொழுவிராத."

எல்லாம் ஒழுங்குதான். ஆனால் கலியாணத்தன்று காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றின நேரத்திலிருந்து மாப்பிள்ளை ஒரு துரும்பையும் தூக்கப்படாது. வள்ளத்தில் குந்தியிருக்கிற இடத்திலிருந்து தானாக எழும்பவும் படாது. பெண்ணின் சகோதரன் வந்து கால் கழுவி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்வரைக்கும் அவர் பொம்மைதான். அதனால் வள்ளத்தைச் சோடித்தவர்கள் யாரோ. அவர்கள் கலர்ப் பேப்பர் ஒட்டி, சீலை கட்டி, கம்பளம் விரித்து, மாப்பிள்ளைக் கதிரையைக் கொண்டுவந்து சரியாக அந்த மொத்த வயரின் நுனிக்கு மேலேயே வைத்துவிட்டார்கள். காசிம் தேடிப் பார்த்திருக்கிறான். கண்ணுக்குத் தெரிந்தது சேகுவின் சார்ஜ் பொயின்ற் ஒன்றுதான். பல்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டு லவுட்ஸ்பீக்கரை அதில் கொழுவினான்.

4

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வள்ளம் வெளிக்கிட்டது. நல்ல காற்று. பாய் நிறைந்து நிற்க, மாப்பிள்ளை தலைப்பாகையும் மாலையுமாகக் கதிரையில் இருக்க, காசிம் இசைத்தட்டைச் சுழலவிட்டான். அரை வரி பாடினது. பிறகு 'டக்' என்று நின்றது.

சாச்சாவுக்கு வந்ததே கோபம். "சத்தமில்லாமப் போய் இறங்கினா மௌத்து வீட்டுக்குப் போறமாதிரி இருக்கும். என்ன கோதாரியடா அது?"

"பியூஸ் போயிட்டு, சாச்சா" என்றான் காசிம்.

"அப்ப அத எடுத்து எறி."

எறியவில்லை. ஆனால் அதைவிடக் கெட்ட காரியம் செய்தார்கள். யாரோ மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் சிகரெட் பெட்டியைக் கிழித்து, ஈயத்தாளைச் சுருட்டி, பியூஸ் இருந்த இடத்தில் அமத்தினார்கள். நம்மூரில் எந்த வீட்டில்தான் செய்யாத வேலை? பாட்டு திரும்பவும் கிளம்பியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

லவுட்ஸ்பீக்கர் குடிக்கிற கரண்டை அந்த மெல்லிய வயர் எப்படித் தாங்கும்? சாகவேண்டியவன் சாகாமல் இருந்தால் வயர்தான் சூடேற வேணும். கொஞ்சத் தூரம் போனதும் மாப்பிள்ளைக்கு மூக்கில் பட்டிருக்கிறது.

"சாச்சா, வயர் மணக்குது."

"அது அத்தர் வாசம். நீ சும்மா இரி."

"அத்தர் இல்ல சாச்சா, றப்பர். பியூஸில யாரு கை வெச்ச?"

"மாப்பிள்ளை வாய் தொறக்கப்படாது எண்டு உனக்குத் தெரியாதா? இண்டைக்கு உனக்குக் கலியாணம், வேலை நாள் இல்ல."

காசிம் சத்தத்தை இன்னும் கூட்டினான். கரையில் ஆட்கள் சேருகிறது தெரியத் தொடங்கிவிட்டது. இவர் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அப்போதுதான், இறங்கும்போது கொளுத்துகிற சீனவெடிக் கட்டை எங்கே வைத்தீர்கள் என்று யாரோ கேட்க, "நனையாம பற்றரிப் பலகைக்குக் கீழ வெச்சிருக்கு" என்று இன்னொருத்தர் சொன்னார்.

மாப்பிள்ளை எழும்பிவிட்டார்.

வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது. தலைப்பாகை கடலில். சாச்சா "இரி, இரி" என்று கத்தக் கத்த, கம்பளத்தை இழுத்தெறிந்து பலகையைத் தூக்கினார். கரும்புகை ஒரு மூச்சாய் மேலே வந்தது. வயர் சிவந்து, அதன் தோல் உருகி வடிகிறது. வெடிக் கட்டின் பேப்பர் ஓரம் மண்ணிறமாகிக்கொண்டு வருகிறது. சேகு பாய்ந்து வெடியைத் தூக்கிக் கடலில் போட்டார். இவர் தோளில் கிடந்த சால்வையைக் கையில் சுற்றி, பற்றரியில் இருந்த வயரைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினார்.

பாட்டு நின்றது. அந்த வள்ளத்தில் கிழவரும் பிள்ளைகளுமாக எத்தனை பேர் இருந்தார்கள்!

கெவினுக்கு ரிஸ்வானாதான் சோற்றுக் கையோடு வேகமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். தலைப்பாகை கடலில் விழுந்ததை என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

5

நான் உள் அறையில் பெண்களுக்கு நடுவில் சோடித்து இருக்கிறேன். பாட்டுச் சத்தம் வந்தது, பிறகு நின்றது. மாப்பிள்ளையை நான் ஒரேயொரு முறைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் ஜன்னலுக்குள்ளால், அவர் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்தபோது. அது எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் வந்த செய்தி, மாப்பிள்ளை எழும்பிட்டாராம். அடுத்தது, தலைப்பாகை இல்லையாம். அதற்கடுத்தது, கை ரெண்டும் கரியாம், சட்டையில் பற்றரி அசிட் பட்டு ஓட்டையாம், கராஜ்காரன் மாதிரி வந்து நிற்கிறாராம். பெண்களுக்கு வேறென்ன வேணும்? ஆளுக்கொரு கதை.

வாசலில் என் காக்கா, மூத்த சகோதரன், கால் கழுவச் செம்பில் தண்ணீரோடு போய் நின்றிருக்கிறார். உம்மாவின் மூத்த சகோதரன் பெரிய மாமா அவரைத் தடுத்தார். பெரிய மாமா சொன்னால் சொன்னதுதான் என்று இருந்த காலம் அது.

"ஊத்தாத. மாப்பிள்ளைச் சீர் தெரியாத ஒருத்தனுக்கு என்ன கால் கழுவுற? தன்ட கலியாண வள்ளத்திலயே சொல்லுக் கேட்டு இருக்க ஏலாதவன் நாளைக்கு இந்த வீட்டுல யாருட சொல்லக் கேப்பான்? ஒரு கிழமை தள்ளுவம். அவங்கட ஆக்கள் ஒழுங்கா வரட்டும்."

அப்படி ஏழு நாள் தள்ளின கலியாணம் நம்மூரில் திரும்ப நடந்து நான் பார்த்ததில்லை. உம்மாவின் முகம் செத்துப் போனது. என் வாழ்க்கை வாசலில் ஒரு செம்புத் தண்ணீருக்காக நிற்கிறது, நான் உள்ளே நகையைச் சுமந்துகொண்டு இருக்கிறேன்.

சாச்சாவாவது உண்மையைச் சொன்னாரா? அவருக்கு வந்த வெட்கத்தில், "எல்லாம் இவன்ட பியூஸால வந்த வினை" என்று பழியைத் தூக்கி அதன் தலையில் போட்டார். எல்லோரும் பியூஸைத்தான் ஏசினார்கள். சேகு ஒருத்தர்தான் வேலிக்கு வெளியில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். "அவர் எழும்பாட்டி நாங்க ஒருத்தரும் வந்திருக்க மாட்டம். வெடி கட்டுக் கட்டா அதுக்குப் பக்கத்தில கிடந்தது." வெளியில் ஒருத்தரும் காது கொடுக்கவில்லை. எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

கடைசியில் என் வாப்பா ஒரு முடிவு சொன்னார். அவர் அதிகம் கதைக்கிறவர் இல்லை. "முடிக்கப் போறது பிள்ளை. நிக்காஹ் ஓதுற லெப்பையக் கூட்டிட்டுப் போய் அவட வாயக் கேளுங்க."

இந்த இடத்தில் படகுக்குள் 'பட்' என்று ஒரு சத்தம். ரிஸ்வானா துள்ளி எழும்பினாள். கெவின் சோற்றை விட்டுவிட்டு ஓடினான்.

6

ஒன்றுமில்லை. இவர் வேலையை முடித்துவிட்டு, சார்ஜ் பொயின்றின் இரண்டு முனையையும் வேண்டுமென்றே ஒரு கம்பியால் தொடுத்திருக்கிறார். பியூஸ் போய்விட்டது. வயரைக் கெவினுடைய கையில் கொடுத்து, சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுடவில்லை. மற்றப் பொயின்றில் கைவிளக்கு தன்பாட்டுக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டு இருந்தது. புது பியூஸ் ஒன்றைப் போட்டுவிட்டு, அதே அளவில் இன்னும் கொஞ்சத்தை ஒரு டப்பாவில் போட்டு, "இது போனா இதே அளவுதான் போடணும். ரெண்டாம் தரமும் போனா, ஏன் போகுது எண்டு தேடணும்" என்று ரிஸ்வானாவிடம் கொடுத்தார். கெவினிடம் கொடுக்கவில்லை. அவள் அதை மறுபேச்சில்லாமல் வாங்கினாள். நாளைக்கு அவள் போகிறதில் எனக்கு இனி ஒரு தடையும் இல்லை. பயம் இருக்கத்தான் செய்யும், அது வேறு.

இவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கரியரைத் திறந்து, "என்ன இது, ஆறிப் போய்க் கிடக்கு?" என்று கேட்டார். என்ன வாய் பாருங்கள்.

ரிஸ்வானா என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "உம்மா, பிறகு? கால் கழுவினாங்களா?" தமிழில்தான் கேட்டாள்.

பிறகென்ன. லெப்பையும் இரண்டு சாட்சிகளும் அறை வாசலுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரிய மாமாவும் வந்து நின்றார். லெப்பை மாப்பிள்ளையின் பேரைச் சொல்லி, அவர் எனக்குத் தருகிற மஹரைச் சொல்லி, சம்மதமா மகள் என்று கேட்டார். பெண் வாய் திறக்கிறதில்லை. தலையைக் குனிந்து பேசாமல் இருக்கவேணும், அதுதான் சம்மதம். எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள். நானும் குனிந்துகொண்டு இருந்தேன்.

இரண்டாம் தரம் கேட்டார். இருந்தேன்.

"பாத்தீங்களா?" என்றார் பெரிய மாமா. "பிள்ளைக்கும் மனமில்ல. வாயே தொறக்கல்ல. எழும்புங்க, இன்னொரு நாளைக்குப் பாப்பம்."

லெப்பை பாவம், மாமாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்னுடைய அடக்கத்தையே எடுத்து எனக்கு எதிராக வைக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. சாட்சிகள் திரும்பினார்கள். உம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார், பேசாதே என்கிறாரா பேசு என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் தலையை நிமிர்த்தினேன்.

"ஓம்" என்றேன்.

"என்ன மகள்?"

"ஓம், எனக்குச் சம்மதம். எழும்ப வேண்டிய நேரத்தில எழும்பின மனுசன் அவர். காக்காவத் தண்ணி ஊத்தச் சொல்லுங்க."

லெப்பை பெரிய மாமாவைத் தாண்டி வாசலுக்குப் போனார். பிறகு வாசலில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. காக்கா காலுக்கு மட்டும் ஊற்றவில்லை, அந்தக் கரிக் கைகளுக்கும் ஊற்றினார்.